கிழக்காபிரிக்க உணவுச்சாலையில் ஒரு மாலைப் பொழுது

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கில் அமைந்த சிறு பட்டினம் கெலிஓயா. இவ்வட்டாரத்து வீட்டுத் தோட்டங்களில் கராம்பு மரமும் சாதிக்காய் மரமும் மிளகுக் கொடியும் செழித்து நிற்கக் காணலாம். அவற்றின் நிழலில், எவரும் பெரிதாகக் கவனியாத வண்ணம், ஒன்றிரண்டு கோப்பிச் செடிகளும் நிற்பதுண்டு. கடைத்தெருவிலோ அரிசி மாவுக்குப் பக்கத்திலே குரக்கன் மாவு விற்கப்படும். கோப்பி, குரக்கன் ஆகிய இவ்விரண்டும் கிழக்கு ஆபிரிக்காவின் மேட்டு நிலங்களிலே தோன்றி, கடல் கடந்து இங்கு வந்து சேர்ந்தவை. வந்து நெடுங்காலமாகிவிட்டபடியால் அவற்றை அந்நியப் பொருள்கள் என்று இன்று எவரும் எண்ணுவதில்லை.

ஆனால், இதே கெலிஓயாவிலிருந்து இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ சென்று குடியேறிய ஒருவர், அங்கே ஓர் எதியோப்பிய உணவுச்சாலைக்கு முதன் முறையாக அழைத்துச் செல்லப்பட்டால் திகைத்துப்போகிறார். மேசையில் கோப்பை இல்லை, கரண்டி இல்லை, முள்ளும் இல்லை. நால்வர் அமர்ந்த மேசைக்கு ஒரே ஒரு தட்டுத்தான் வருகிறது. அத்தட்டின் மீது சாம்பல் நிறத்தில், பஞ்சு போன்ற பெரிய அடை ஒன்று விரிக்கப்பட்டிருக்கிறது. அதன்மேல் பத்து வகைக் கறிகள் குவியல் குவியலாக வைக்கப்பட்டிருக்கின்றன. இதனை எங்கே தொடங்குவது, எப்படி உண்பது என்னும் தயக்கம் எவருக்கும் எழக்கூடியதே. சற்றுப் பொறுத்துப் பார்த்தால், அத்தட்டிலே பாதிக்கு மேல் அவர் வீட்டு அடுக்களைக்கு உறவானது என்பது புலப்படும்.

இத்தகைய உணவுச்சாலைகள் மேலைநாட்டு நகரங்களிலே தோன்றிய வரலாறும் இலங்கைத் தமிழருக்கு அந்நியமானதன்று. எதியோப்பியாவில் 1974ஆம் ஆண்டு பேரரசர் ஹைலே செலாசி பதவியிலிருந்து அகற்றப்பட்டு இராணுவ ஆட்சி ஏற்பட்டது. அதனைத் தொடர்ந்து கொலையும் போரும், 1984ஆம் ஆண்டளவில் கொடும் பஞ்சமும் அந்நாட்டை வாட்டின. பல்லாயிரவர் நாடு விட்டு வெளியேறினர். 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின்பின் இலங்கைத் தமிழர் கனடா சென்று சேர்ந்ததும் ஏறக்குறைய இதே காலந்தான். ரொறன்ரோ நகரின் டான்ஃபோர்த் வீதியில் எதியோப்பிய உணவுச்சாலைகள் வரிசையாக அமைந்த பகுதி ஒன்றுண்டு. அங்கிருந்து மேலும் கிழக்கே சென்றால், ஸ்காபரோவில் தமிழர் கடைகள் தோன்றத் தொடங்கும். வாஷிங்டன், இலண்டன் முதலிய நகரங்களிலும் அகதியாய் வந்த பெண்டிர் தாம் அறிந்த ஒரே தொழிலாகிய சமையலைக் கொண்டு குடும்பங்களை நிலைநிறுத்தினர். இடியப்பமும் கொத்துரொட்டியும் விற்றுப் பிழைத்த குடும்பங்களை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தட்டில் விரித்திருக்கும் அடையின் பெயர் இன்ஜெரா. அது தெஃப் என்னும் தானியத்தின் மாவினாற் செய்யப்படுவது. தெஃப் மிகச் சிறிய தானியம். ஒரு மணி ஒரு மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். கை நழுவி விழுந்தால் தேடி எடுக்க முடியாது. இம்மாவை நீரில் கரைத்து, முன்னைய மாவிலிருந்து எடுத்து வைத்த புளித்த நீரைச் சிறிது சேர்த்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பர். பின்னர் மிட்டாட் என்னும் அகன்ற ஓட்டில், வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுழற்றி வார்ப்பர். மூடி போட்டு வேகவைப்பர். புரட்டிப் போடுவதில்லை; ஒரு புறந்தான் வேகும். புளித்த மாவிலிருந்து எழும் காற்று மேற்புறத்தை நோக்கி வெளியேற, அவ்விடத்தில் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. அத்துளைகளைக் ‘கண்கள்’ என்று அந்நாட்டார் அழைப்பர். கண் இல்லாத இன்ஜெராவைப் பார்த்து மாமிமார் முகஞ்சுளிப்பது அங்கும் உண்டு.

கண்டிப் பகுதியிலே விடியற்காலையில் அப்பம் சுடும் கடையைப் பார்த்தவர்களுக்கு இச்செய்முறையில் விளங்காதது எதுவுமில்லை. அரிசி மாவு, கள்ளு அல்லது ஈஸ்ற், இரவு முழுதும் புளித்தல், ஒரு புறம் மட்டும் வேகுதல், மேலே மூடி, பஞ்சு போன்ற நடுப்பாகம் எல்லாம் அப்படியே. வேறுபாடு அளவிலும் வடிவிலுந்தான். அப்பம் தாச்சியிற் குழிந்து விளிம்பில் முறுகுகிறது. இன்ஜெரா தட்டையாய், முறுகாமல், ஓர் ஆள் இரு கையாலும் ஏந்தும் அகலத்தில் இருக்கிறது. புளிப்பும் அதற்குச் சற்றுக் கூடுதல். முதல் வாயிலேயே அப்புளிப்புப் பிடிக்காமற் போகலாம். கறியோடு சேர்ந்தபின்னரே அதன் அருமை தெரியும். பழைய சோற்றின் புளிப்பை அறிந்த நாவுக்கு அது விரைவில் வசப்படும்.

இங்கு ஒன்று சொல்லவேண்டும். வெளிநாட்டு உணவுச்சாலைகளிற் கிடைக்கும் இன்ஜெரா பெரும்பாலும் தனித் தெஃப் மாவினால் ஆனதன்று. தெஃப் ஏற்றுமதியை எதியோப்பிய அரசு 2006இல் தடை செய்து, பல ஆண்டுகளின் பின்னரே ஓரளவு தளர்த்தியது. தானியம் வெளியேறினால் உள்நாட்டு ஏழையின் அடுப்பில் விலை ஏறும் என்பதே காரணம். அதனால் பல சமையற்காரர் கோதுமை மாவையோ வாற்கோதுமை மாவையோ கலந்து சுடுகின்றனர். கோதுமையைத் தவிர்க்க வேண்டிய நோயாளர் முன்கூட்டியே கேட்டறிவது நன்று.

அடையின் மீது வரும் குழம்புகளுக்கு வொட் என்பது பொதுப் பெயர். அவற்றின் உயிர் பெர்பெரே என்னும் தூள். செத்தல் மிளகாய், மல்லி, வெந்தயம், இஞ்சி, உள்ளி, ஓமம், அந்நாட்டுக்கே உரிய ஒருவகை ஏலம் முதலியன அதிற் சேரும். யாழ்ப்பாணத்துக் கறித்தூளின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று அதனைக் கூறினால் பிழையாகாது. மிசிர் வொட் என்பது செம்பருப்புக் குழம்பு. இலங்கையில் பருப்பு என்ற மாத்திரத்தில் எல்லாரும் நினைக்கும் அதே மைசூர்ப் பருப்புத்தான். ஷிரோ என்பது கடலை மாவைக் காய்ச்சிய குழம்பு. கோவா, கரட், உருளைக்கிழங்கு மூன்றையும் மஞ்சளிட்டு வதக்கிய கறி ஒன்றும், கீரைக் கறி ஒன்றும் வரும். டோரோ வொட் எனப்படும் கோழிக் குழம்பு விருந்துக்குரியது. அதற்கு வெங்காயத்தை முதலில் எண்ணெயின்றியே நெடுநேரம் வதக்கி, நீர் முழுதும் சுண்டியபின் நெய் சேர்ப்பர். அவித்த முட்டை முழுதாய் அதில் கிடக்கும். அவசரப்பட்டுச் சமைத்த டோரோ வொட்டை அந்நாட்டார் ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவர்.

சைவ உணவு உண்போருக்கு மேலைநாட்டு உணவுச்சாலைகளில் ஏற்படும் சங்கடம் எதியோப்பியர் கடையில் மிகக் குறைவு. எதியோப்பியத் திருச்சபையைச் சார்ந்த கிறித்தவர் புதன், வெள்ளி ஆகிய இரு கிழமைகளிலும், உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முன்வரும் நீண்ட நோன்பிலும், வேறு பல நோன்புகளிலும் புலால் உண்பதில்லை. பாலும் நெய்யும் முட்டையுங்கூட உண்பதில்லை. இந்நாள்களைக் கூட்டினால் ஆண்டில் நூற்றைம்பதுக்கு மேற்படும். ஆதலால் ‘நோன்புச் சாப்பாடு’ என்று கேட்டால், சுத்தமான மரக்கறி உணவு பல வகையாக ஒரே தட்டில் வந்து சேரும். வெள்ளிக்கிழமை விரதம் காக்கும் சைவக் குடும்பத்தார், அதே வெள்ளிக்கிழமையில் அங்கே சென்றால் கடைக்காரரும் விரதமாயிருக்கக் காண்பர். முஸ்லிம் நேயர்கள் இறைச்சி ஹலாலா என்று கேட்டறிய வேண்டும். எதியோப்பியாவிலும் முஸ்லிம்கள் பெருந்தொகையினராதலால் இக்கேள்வியை எவரும் தவறாக எண்ணமாட்டார்கள். தேஜ் எனப்படுவது தேனிலிருந்து வடிக்கும் மது. பெயரைக் கேட்டுத் தேன்பானம் என்று மயங்குதல் கூடாது. கித்ஃபோ என்பது கொத்திய பச்சை மாட்டிறைச்சி. அதனை வேகவைத்துத் தரும்படியும் கேட்கலாம்.

இனி உண்ணும் முறை. கை கழுவ நீர் வரும். வலக் கையால் இன்ஜெராவில் ஒரு துண்டைக் கிள்ளி, அதனாற் கறியைச் சுற்றிப் பிடித்து வாயிலிட வேண்டும். ஒவ்வொருவரும் தம் முன்னுள்ள பாகத்திலிருந்தே எடுப்பர். தட்டின் மறுகோடிக்குக் கையை நீட்டுவது மரியாதையன்று. கடைசியில், கறிகளின் சாறெல்லாம் ஊறி அடியிற் கிடக்கும் இன்ஜெராத்தான் சுவையிற் சிறந்தது. அதனை விட்டு எழுபவர் விருந்தின் சிறப்பை விட்டு எழுபவர்.

ஒரே தட்டு என்பதுதான் தமிழருட் பலரைத் தயங்கவைக்கிறது. கெலிஓயாவிலும் அதனைச் சூழ்ந்த உடுநுவரை ஊர்களிலும் வாழும் முஸ்லிம்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. அவர்களுடைய திருமண விருந்திலே சஹன் எனப்படும் பெருந்தட்டில் நெய்ச்சோறும் இறைச்சியும் வர, ஆறு பேர் சுற்றி அமர்ந்து உண்பர். செல்வர்க்கு ஒரு சஹன், கூலிக்காரர்க்கு ஒரு சஹன் என்று அங்கே இல்லை. பக்கத்தில் அமர்பவர் யார் என்பது பந்தியிலே தான் தெரியவரும். இந்துக்களிடத்திலோ எச்சில் என்னும் எண்ணம் குறுக்கே நிற்கிறது. எச்சிலில் சுகாதாரமும் உண்டு. ஆனால் சுகாதாரத்தை மட்டுமே கருதி எழுந்ததன்று அவ்வெண்ணம். யார் யாரோடு அமரலாம், யார் தொட்ட குவளையில் யார் குடிக்கலாம் என்னும் கணக்கும் அதனுள் அடங்கியிருந்தது. இலங்கையின் வடபகுதியில் தாழ்த்தப்பட்டோருக்குத் தேநீர்க்கடைகளில் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் கொடுத்த காலம் மிகத் தொலைவில் இல்லை. உணவுக்கடை, தேநீர்க்கடை போன்ற பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரை ஒதுக்குவதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. சட்டம் வந்த பின்னரும் கடைவாயிலுக்குள் காலெடுத்து வைக்கப் போராட்டங்கள் வேண்டியிருந்தன. 1960களிலும் அப்போராட்டங்கள் தொடர்ந்தன. கடையில் உட்கார்ந்து உண்பது எளிய காரியமாகத் தோன்றுவது, அவ்வாறு உட்காரும் உரிமையை என்றும் இழந்திராதவர்க்குத்தான்.

எதியோப்பியரிடையே கூர்ஷா என்றொரு வழக்கமுண்டு. ஒருவர் தம் கையாலேயே ஒரு கவளம் சுற்றி, அருகிலிருப்பவர் வாயில் ஊட்டுவார். கவளம் பெரிதாயிருந்தால் அன்பும் பெரிது. மறுப்பது மனவருத்தம் தரும். வயது வந்த ஒருவர் இன்னொருவருக்கு ஊட்டுவதைக் கண்டு புதியவர் கூச்சமடைவர். பாட்டி ஒருத்தி, சட்டியில் சோறும் குழம்பும் பிசைந்து, சுற்றி அமர்ந்த பேரப்பிள்ளைகளின் கையில் உருண்டை உருண்டையாக வைத்த நாள்களை நினைவிற் கொண்டோருக்கு அக்கூச்சம் நெடுநேரம் நில்லாது. வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைகள், பள்ளித் தோழர் முன்னிலையில் கையால் உண்ண வெட்கப்படுவதாகப் பெற்றோர் பலர் குறைகூறுவர். பணங் கொடுத்து, வெள்ளையரும் சீனரும் கையால் உண்டு மகிழும் இடமொன்றுக்கு அப்பிள்ளைகளை அழைத்துச் செல்வது, வீட்டில் செய்யும் நூறு உபதேசத்திலும் பயன்தரும்.

எதியோப்பியாவைத் தாண்டித் தெற்கே கென்யா, தன்சானியா, உகண்டா ஆகிய நாட்டாரின் உணவுச்சாலைகளுக்குச் சென்றால் தட்டு மாறுகிறது. அங்கே உகாலி என்னும் சோள மாக் களி முதன்மையானது. கையால் உருட்டி, பெருவிரலால் குழித்து, கீரையையோ குழம்பையோ அள்ளி உண்பர். சோளம் அமெரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்தது. அதற்கு முன்னர் அங்கே களியும் கஞ்சியும் ஆனவை, குரக்கன் முதலிய சிறுதானியங்களே. சுவாகிலி மொழியில் குரக்கனுக்கு விம்பி என்று பெயர். தமிழ்நாட்டார் கேழ்வரகு என்னும் அதே தானியம், எதியோப்பியாவுக்கும் உகண்டாவுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலங்களிலே முதன்முதற் பயிராக்கப்பட்டு, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தென்னாசியாவில் விளைந்து வருகிறது. அரிசி கிடையாத வீட்டின் உணவு என்று குரக்கனை ஒதுக்கியோர், நீரிழிவு நோய் வந்தபின் வைத்தியர் சொல்லால் அதனைத் தேடி வாங்குவதையும் இன்று காணலாம். தட்டைப்பயறும், புளியும் ஆபிரிக்காவின் கொடைகளே. தமிழன் நாவிலிருந்து பிரிக்கவொண்ணாத புளி, தன் அரபுப் பெயரில் ‘இந்தியப் பேரீச்சை’ என்று வழங்குவது விநோதம்.

கடற்கரையோரச் சமையலோ இன்னும் நெருங்கியது. தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறும், தேங்காய்ப்பாற் குழம்பில் தோய்த்த மீனும் மொம்பாசாவிலும் சன்சிபாரிலும் நாள்தோறும் உண்ணப்படுவன. பிலாவ், பிரியாணி, சப்பாத்தி, சம்பூசா, அச்சாரி என்னும் பெயர்களை அங்கே கேட்டு வியப்பதற்கு இடமில்லை. பருவக்காற்றைத் துணைக்கொண்டு ஆயிரம் ஆண்டுகளாகப் பாய்க்கப்பல்கள் இருகரைக்கும் ஓடியதன் விளைவு அது. அரபு நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா 1331இல் மொகதிசுவில் தங்கியபோது, நெய்யிற் சமைத்த சோற்றை மரத்தட்டில் குவித்து, அதன்மேல் கோழி, மீன், இறைச்சி, மரக்கறி ஆகிய கறிகளை இட்டு உண்டனர் என்றும், ஊறுகாய் இட்ட எலுமிச்சையும் பச்சை இஞ்சியும் மாங்காயும் பக்கத்தில் வைக்கப்பட்டன என்றும் எழுதிவைத்தார். அவரே 1344இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்திற் கண்டு, பாவா ஆதம் மலைக்கு யாத்திரை சென்றார். கெலிஓயாவுக்கு அணித்தேயுள்ள கடலாதெனிய விகாரை எழுந்ததும் அதே 1344ஆம் ஆண்டுதான்.

இந்தியத் தொழிலாளரின் கைவண்ணமும் இதிற் சேர்ந்தது. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை 1896 முதல் 1901 வரை இருப்புப்பாதை அமைக்க, பிரித்தானிய இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டனர். எஞ்சியோரிற் பலர் ஊர் திரும்பினர். தங்கியோரும், பின்னர் வந்து சேர்ந்த குஜராத்தி வணிகரும் கடை வைத்தனர். 1972இல் உகண்டாவின் இடி அமீன் ஆசியரைத் துரத்தியபோது அவர்கள் இங்கிலாந்து சென்று, மீண்டும் அடுப்பை மூட்டினர். இலண்டனின் வெம்பிளிப் பகுதியிலே ‘மோகோ’ என்ற பெயரில் விற்கும் பொரியலை ஆவலோடு வாங்கிச் சுவைக்கும் தமிழர், அது மரவள்ளிக்கிழங்கு என்று கண்டு சிரிப்பதுண்டு.

உணவின் முடிவில் எதியோப்பியர் கடையில் கோப்பி கேட்க மறத்தலாகாது. கோப்பிச் செடியின் தாயகம் அந்நாட்டின் தென்மேற்குக் காடுகளே. அங்கிருந்து யேமன் சென்று, அராபியர் வழியாகவும் ஒல்லாந்தர் வழியாகவும் உலகெங்கும் பரவியது. கண்டி இராச்சியத்து மக்கள் அதன் பூவையே விகாரைகளுக்குப் படைத்து வந்தனர். 1824இல், கெலிஓயாவிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள கம்பளை சிங்ஹாப்பிட்டியவில், ஜோர்ஜ் பேர்ட் என்பார் அதனைத் தோட்டப் பயிராக நாட்டினார். அச்செடிக்காகவே தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரமாய்த் தொழிலாளர் அழைக்கப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர்; காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலே வீழ்ந்தோர்க்குக் கல்லறையும் இல்லை. பேராதனையிலிருந்து கெலிஓயா, கம்பளை வழியாக 1874இல் நாவலப்பிட்டியை எட்டிய இருப்புப்பாதையும் கோப்பி மூட்டைகளை எண்ணி இடப்பட்டதே.

அந்தக் கோப்பி அழிந்த கதையிலும் கிழக்காபிரிக்கா உண்டு. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூளாய்ப் படரும் துருநோய், விக்டோரியா ஏரியை அடுத்த பகுதியில் 1861இல் முதன்முதல் குறிக்கப்பட்டது. 1869இல் அது இலங்கைத் தோட்டங்களிற் காணப்பட்டது. பேராதனையில் 1880 முதல் இரண்டாண்டு ஆராய்ந்த மார்ஷல் வார்ட், அந்நோயின் நுண்வித்துகள் காற்றிற் பரவுவதை விளக்கினார். மலைமேல் மலையாக ஒரே பயிரை நெருக்கி நட்டிருந்தமையால் காற்றுக்குத் தடையே இருக்கவில்லை. இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்த கோப்பி இருபது ஆண்டுகளுக்குள் மறைந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினர். தொழிலாளருக்கோ மாறுவதற்கு எதுவுமில்லை. லயமும் கங்காணியும் கடனும் அப்படியே இருக்க, பறிக்கும் இலை மட்டுமே மாறியது.

எதியோப்பியர் கோப்பியைச் சமையலறையில் ஊற்றிக் கொண்டுவருவதில்லை. விருந்தினர் கண்முன்னே பச்சைக் கொட்டையைக் கழுவி, தட்டையான சட்டியில் வறுப்பர். வறுபட்ட கொட்டையின் புகையை ஒவ்வொருவரும் முகரும்படி சட்டியைச் சுற்றிக் கொண்டுவருவர். பின்னர் இடித்து, ஜெபெனா என்னும் நீண்ட கழுத்துள்ள மண் குடுவையிற் காய்ச்சி, பிடியில்லாத சிறு கிண்ணங்களில் உயரத்திலிருந்து ஒரே தாரையாய் ஊற்றுவர். சாம்பிராணி புகையும், கொறிக்க வறுத்த வாற்கோதுமையோ சோளப்பொரியோ வரும். சுக்கும் மல்லியும் சேர்த்த வீட்டுக் கோப்பிக்குப் பழகியவர்க்கு இது கடுப்பாகத் தோன்றினால் சீனி கேட்டு வாங்கலாம். ஒரே தூளில் மூன்று முறை நீர் ஊற்றிக் காய்ச்சுவர். முதலாவது அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. பரக்கா என்றால் ஆசி. முஸ்லிம் நேயர்களுக்கு அச்சொல்லை விளக்கவேண்டியதில்லை. மூன்றாவது கிண்ணத்துக்கு முன் எழுந்து போவது நல்லதன்று என்பது அவர்கள் எண்ணம். வறுப்பது முதல் அதுவரை ஒரு மணி நேரத்துக்குக் குறையாது ஆகும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் சாப்பாட்டுக்குச் சொல்லும்போதே கோப்பிக்கும் சொல்லிவிடுவது உசிதம்.